"/" என்றால் எந்த இடம்? சிஎச்ரூட் பற்றி ஓர் எளிய விளக்கம்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். பில்லிங் மென்பொருள், மெயில், அலுவலகக் கோப்புகள் எல்லாம் அதில்தான். மாதாமாதம் பில்களை ஆடிட்டர் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பி அலுத்துப்போய், அவர்களுக்கே ஓர் எஸ்எஃப்டிபி (நெட்வொர்க் வழியே பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) கணக்கு திறந்து கொடுத்தோம். மறுநாள் அங்கிருந்து போன்.

"சார், உள்ளே போனா ஈடிசி, வார், யூஎஸ்ஆர்னு ஏகப்பட்ட ஃபோல்டர் இருக்கு. எங்க ஃபைலை எதுல போடணும்?"

அந்தப் பையன் எந்தத் தப்பும் செய்யவில்லை. கோப்புப் பட்டியலின் உச்சியில் இரண்டு புள்ளியோடு ஒரு வரி இருக்குமே, அதை இரண்டு முறை தட்டியிருக்கிறார். முதல் தட்டில் எல்லா ஊழியர்களின் ஃபோல்டர்களும், இரண்டாம் தட்டில் சர்வரின் உச்சியும் வந்துவிட்டன. அழிக்கவோ மாற்றவோ அவருக்கு அனுமதி இல்லைதான். ஆனால் படிக்க முடிந்தது. பில்லிங் மென்பொருளின் அமைப்புக் கோப்பை யாரோ எல்லோரும் படிக்கும்படி விட்டிருந்தார்கள். அதற்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்.

அன்று மாலை நான் உட்கார்ந்து படித்ததுதான் சிஎச்ரூட். 'சேஞ்ச் ரூட்' என்பதன் சுருக்கம். வேரை மாற்று என்று பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். லினக்ஸில் ரூட் என்ற சொல் இரண்டு விஷயங்களைக் குறிக்கும். ஒன்று, எல்லா அதிகாரமும் உள்ள பயனர். இன்னொன்று, எல்லா ஃபோல்டர்களும் கிளைக்கத் தொடங்கும் உச்சி ஃபோல்டர், அதாவது "/". பயனரை ரூட் என்றும் ஃபோல்டரை வேர் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். (வேர் உச்சியில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கணினிக்காரர்கள் மரத்தைத் தலைகீழாகத்தான் வரைவார்கள்.)

பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாரைக் கேட்டாலும் "ஊருக்குப் போறேன்" என்பார்கள். சொல் ஒன்றுதான். ஒருவர் ஏறுவது தேனி பஸ், அடுத்தவர் ஏறுவது தஞ்சாவூர் பஸ். லினக்ஸில் "/" என்பதும் அந்த 'ஊர்' மாதிரி ஒரு சொல். எல்லா புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அந்தப் பெயர்) ஒரே ஊர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் சாதாரணமாக அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புராசஸுக்கும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தனித்தனியாக இரண்டு குறிப்புகள் வைத்திருக்கிறது: உன் வேர் எது, நீ இப்போது நிற்கும் ஃபோல்டர் எது. "/" என்று தொடங்கும் பாதையைக் கொடுத்தால் முதல் குறிப்பிலிருந்து தேடத் தொடங்கும். அப்படித் தொடங்காத பாதை என்றால் இரண்டாவதிலிருந்து.

சிஎச்ரூட் செய்வது அந்த முதல் குறிப்பை மாற்றி எழுதுவது. அவ்வளவே. "/எஸ்ஆர்வி/ஆடிட்டர்" என்ற ஃபோல்டரை ஒரு புராசஸின் வேராக்கிவிட்டால், அதற்கு "/" என்பதே அந்த ஃபோல்டர்தான். "/ஈடிசி" என்று கேட்டால் கெர்னல் "/எஸ்ஆர்வி/ஆடிட்டர்/ஈடிசி"யைத் தேடும். இரண்டு புள்ளி போட்டு மேலே போக முயன்றால், வேரில் நிற்பவருக்கு மேல் என்று ஒன்றும் கிடையாது, நின்ற இடத்திலேயே நிற்பார். அந்த புராசஸ் தொடங்கிவைக்கும் மற்ற புராசஸ்களும் அதே வேரோடுதான் பிறக்கும்.

முதல் குறிப்பை மட்டும் என்று சொன்னேன் அல்லவா, அந்த 'மட்டும்' பின்னால் வம்பாக வரும்.

இது புதிய சரக்கு இல்லை. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின், 1979இல் வெளியான ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. அப்போது யாரும் இதைப் பாதுகாப்புச் சுவராக நினைக்கவில்லை. 1991இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் பில் செஸ்விக் என்பவர், தங்கள் கணினிக்குள் நுழையப் பார்த்த ஓர் ஆளை விரட்டாமல், இப்படி வேர் மாற்றிய ஒரு போலி இடத்துக்குள் விளையாடவிட்டு வேடிக்கை பார்த்தார். அவர் அதை ஜெயில் என்று அழைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. 2000இல் யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0 இதையே இறுக்கமாக்கி 'ஜெயில்' என்ற பெயரிலேயே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. இன்று எல்லோரும் பேசும் டாக்கர் போன்ற கன்டெய்னர்களும் (ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் ஏற்பாடு) இதே குடும்பத்து வாரிசுகள்தான்.

சரி, கையால் ஒன்று செய்து பார்த்தால்தான் புரியும். சோதனைக்கு என்று வைத்திருக்கும் கணினியில் செய்யுங்கள், அலுவலக சர்வரில் வேண்டாம்.

ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் "பின்" என்று ஒரு ஃபோல்டர் வைத்து, பாஷ் ஷெல்லை (நாம் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதில் நகலெடுங்கள். ரூட்டாக இருந்துகொண்டு, அந்த ஃபோல்டரை வேராக வைத்து "/பின்/பாஷ்" ஐ ஓட்டு என்று சிஎச்ரூட் கமாண்டைக் கொடுங்கள். "அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை" என்று பதில் வரும். இங்கேதான் புதிதாகக் கற்பவர்களில் பாதிப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கோப்பு கண்முன்னே இருக்கிறது, இல்லை என்கிறதே!

இல்லாதது பாஷ் அல்ல. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் தனியாளாக ஓடுவதில்லை. சி லைப்ரரி போன்ற பொது லைப்ரரிகளை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த லைப்ரரிகளைத் தேடிப் பிடித்து இணைத்துவைக்க லோடர் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. அந்த லோடரின் முழுப் பாதை பாஷ் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும், அதுவும் "/" என்று தொடங்கி. இப்போது "/" மாறிவிட்டதால் கெர்னல் புதிய வேருக்குள் லோடரைத் தேடுகிறது, காணவில்லை, ஆகவே 'இல்லை' என்கிறது. எது இல்லை என்று சொல்லும் நாகரிகம் மட்டும் அதற்குக் கிடையாது.

எல்டிடி என்ற கமாண்டிடம் பாஷைக் காட்டினால், அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் லோடரையும் பாதையோடு பட்டியலிடும். அவற்றை அதே பாதைகளில் உள்ளே நகலெடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஷெல் வந்துவிடும். கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் என்று அடித்தால், அப்படிக் கமாண்டே இல்லை என்பாள் மகராசி. அதையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், அதன் லைப்ரரிகளோடு. சில சமயம் ஷெல்லின் முகப்பில் உங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் 'எனக்குப் பெயர் இல்லை' என்று வரும். பயனர் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்டும் கோப்பு உள்ளே இல்லாததால் வரும் புலம்பல் அது.

இப்படி ஒவ்வொன்றாகச் சுமக்கும் வேலை ஒரு தடவை செய்து பார்க்கத்தான். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவி ஒரு சின்ன முழு லினக்ஸையே ஒரு ஃபோல்டருக்குள் இறக்கிக் கொடுத்துவிடும். மென்பொருளைச் சுத்தமான இடத்தில் தொகுத்துப் பார்க்க, பழைய பதிப்பில்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு நிரலைத் தனியாகக் குடிவைக்க, அது போதும். பூட் ஆகாத சர்வரை யூஎஸ்பியிலிருந்து கிளப்பி, அதன் டிஸ்க்கை மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டராகத் தெரியும்படி இணைத்து), அதற்குள் சிஎச்ரூட் செய்து, கணினியைக் கிளப்பிவிடும் பூட்லோடரைச் சரிசெய்வதும் இதே வித்தைதான்.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். வேரை மாற்ற ரூட் அதிகாரம் வேண்டும். என் சொந்த ஃபோல்டருக்குள் என்னையே அடைத்துக்கொள்ள எதற்கு அனுமதி? எனக்கும் முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. இப்படி யோசியுங்கள்: வேறு பயனராக மாற உதவும் எஸ்யூ என்ற கமாண்ட் யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும், பாஸ்வேர்ட் சரியா என்று "/ஈடிசி"யில் உள்ள கோப்பைப் பார்த்து முடிவெடுக்கும். நான் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் நானே எழுதிய ஒரு போலி பாஸ்வேர்ட் கோப்பை வைத்து, உண்மையான எஸ்யூவுக்கு ஒரு ஹார்ட் லிங்க்கும் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுவிட்டு, அதையே வேராக்கிக்கொண்டால்? எஸ்யூ என் போலிக் கோப்பைப் பார்த்து, 'ஆமாம், பாஸ்வேர்ட் சரிதான்' என்று எனக்கு ரூட் அதிகாரம் கொடுத்துவிடும். ஊரை மாற்றினால் ஊர்க் கணக்குப்பிள்ளையும் மாறிவிடுகிறார் அல்லவா? அதனால்தான் வேரை மாற்றும் உரிமை ரூட்டிடம் மட்டும்.

ஆக, ஒரு சிஎச்ரூட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அதன் வேரில் யாரால் எழுத முடியும் என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆடிட்டர் கதைக்கு வருவோம்.

எஸ்எஃப்டிபியைப் பொறுத்தவரை லைப்ரரி சுமக்கும் தொல்லையே இல்லை. சர்வருக்குள் தூரத்திலிருந்து நுழையவைக்கும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 2008லிருந்து இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. கோப்புப் பரிமாற்றம் எஸ்எஸ்எச் சர்வருக்குள்ளேயே நடந்துவிடுவதால், வேராகும் ஃபோல்டர் காலியாக இருந்தாலும் வேலை செய்யும். வெளியாட்களுக்கென்று ஒரு குரூப் உருவாக்கி, ஆடிட்டர் கணக்கை அதில் சேருங்கள். "/எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி" என்பதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில், இந்த குரூப்பில் உள்ளவர் வந்தால் அவர் பெயரிலுள்ள ஃபோல்டரை வேராக்கு, உள்ளமைந்த எஸ்எஃப்டிபியைத் தவிர வேறு எதையும் ஓட்டாதே, போர்ட் ஃபார்வர்டிங் அனுமதிக்காதே என்று மூன்று வரி. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், ஃபோல்டருக்குள் அடைபட்ட அதே ஆள் உங்கள் சர்வர் வழியாக அலுவலக நெட்வொர்க்கின் மற்ற கணினிகளுக்குப் பாதை போட்டுக்கொள்ளலாம். 'மேட்ச்' என்று தொடங்கும் இந்தப் பகுதியைக் கோப்பின் கடைசியில் வையுங்கள். அதற்குக் கீழே வருவதெல்லாம், அடுத்த 'மேட்ச்' வரும்வரை, இந்த குரூப்புக்கு மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

கோப்பில் பிழை இல்லையா என்று எஸ்எஸ்எச் சர்வரையே சோதிக்கச் சொல்லும் வசதி உண்டு. அதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே திறந்திருக்கும் உங்கள் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். ஏன் என்று ஒரு தடவை வெளியே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

நுழைந்ததும் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகும். பயப்பட வேண்டாம், முதல் தடவை எல்லோருக்கும் நடப்பதுதான். லாகைப் பார்த்தால், வேராகப்போகும் ஃபோல்டரின் உரிமையோ அனுமதியோ சரியில்லை என்று இருக்கும். நாம் இயல்பாக என்ன செய்திருப்போம்? ஆடிட்டரின் ஃபோல்டர்தானே என்று அதை ஆடிட்டர் கணக்கின் பெயருக்கே எழுதிவைத்திருப்போம். ஓபன்எஸ்எஸ்எச் அதை ஏற்காது. வேரும், வேர்வரை வரும் பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாராலும் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். அனுமதி எண்ணில் சொன்னால் 755 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் நுழைந்து படிக்க மட்டும்). எஸ்யூ கதையைப் படித்த பிறகு காரணம் உங்களுக்கே புரியும்: வேரில் எழுத முடிந்தவர் அங்கே ஒரு போலி "/ஈடிசி"யை உருவாக்கலாம்.

அப்படியானால் ஆடிட்டர் எங்கே கோப்பு வைப்பார்? வேருக்குள் 'பில்கள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை மட்டும் அவர் பெயருக்கு எழுதிக்கொடுங்கள். இணையத்தில் தேடினால், 777 (எல்லோரும் எழுதலாம்) கொடு எல்லாம் சரியாகும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருப்பார். இந்த இடத்தில் அது ஒன்றையும் சரிசெய்யாது. இணைப்பு இன்னும் நிச்சயமாக அறுபடும்.

அன்று இரவே மாற்றிவிட்டு, மறுநாள் அந்தப் பையனை மறுபடி நுழையச் சொன்னேன். "சார், எல்லாம் போயிடுச்சு, ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருக்கு" என்று பதறினார். அதுதானப்பா வேண்டும் என்றேன்.

நாம் கேட்காமலேயே சில மென்பொருள்கள் தங்கள் உறுப்புகளை இப்படி ஓட்டுவதும் உண்டு. டெபியனின் பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் பல பகுதிகள் தங்கள் ஸ்பூல் ஃபோல்டரையே (மெயில்கள் வரிசையில் காத்திருக்கும் இடம்) வேராகக் கொண்டுதான் ஓடும். டிஎன்எஸ் (டொமைன் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி எழுதிய கோப்பு அதற்கும் வேண்டுமே, அதனால் தொடங்கும்போது ஒரு நகலை உள்ளே எடுத்துவைத்துக்கொள்ளும். நீங்கள் ஒருநாள் இணைய நிறுவனத்தை மாற்றி, சர்வரின் டிஎன்எஸ்ஸையும் மாற்றுகிறீர்கள். சர்வரில் எல்லாம் ஓடுகிறது, மெயில் மட்டும் போகவில்லை, எந்த டொமைனும் கிடைக்கவில்லை என்கிறது. உள்ளே இருப்பது பழைய நகல். போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது. காரணம் தெரியாதவர் அரை நாள் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பார். பிஎச்பி இணையதளங்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் சிஎச்ரூட்டை இயக்கியதும் இணையதளத்திலிருந்து மெயில் போவது நின்றுவிடுவதும் இதே வகைதான். மெயில் அனுப்பும் நிரல் அந்த வேருக்குள் இல்லை.

இப்போது அந்த 'மட்டும்'. சிஎச்ரூட் கோப்புப் பாதைகளின் பொருளை மட்டும் மாற்றுகிறது. உள்ளே இருக்கும் புராசஸ் அதே கெர்னலில், அதே நெட்வொர்க்கில், அதே பயனர் எண்களோடு ஓடுகிறது. அனுமதி இருந்தால் வெளியே உள்ள புராசஸைக் கொல்லலாம். நினைவகத்தைத் தின்னலாம். டிஸ்க்கை நிரப்பலாம். ஆடிட்டர் அலுவலகம் 200 ஜிபி பேக்கப்பை உங்கள் பில்கள் ஃபோல்டரில் கொட்டினால், அந்தப் பார்ட்டிஷனில் இருக்கும் உங்கள் மெயிலும் சேர்ந்து நிற்கும். அதற்குக் கோட்டாவோ (ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற உச்சவரம்பு) தனிப் பார்ட்டிஷனோதான் வழி.

உள்ளே இருப்பவர் ரூட் என்றால் கதையே முடிந்தது. அவர் உள்ளே ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி, அதை வேராக மாற்றிக்கொள்கிறார். மாறுவது முதல் குறிப்பு மட்டும்தானே? நிற்கும் இடம் மாறவில்லை. இப்போது அவர் நிற்பது புதிய வேருக்கு வெளியே. இரண்டு புள்ளி போட்டு மேலே போகும்போது கெர்னல் தடுப்பது வேரை அடைந்தால்தான். இவர் பாதையில் அந்த வேர் குறுக்கே வராது. ஏறிக்கொண்டே போய் உண்மையான உச்சியை அடைந்துவிடுவார். இது ரகசிய ஓட்டை ஒன்றும் இல்லை. லினக்ஸின் கையேட்டுப் பக்கமே, இதைப் பாதுகாப்புக்கென்று செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் ஒழுங்காக எழுதப்பட்ட சர்வர் நிரல்கள் ரூட்டாகத் தொடங்கி, வேரை மாற்றி, அடுத்த வேலையாக ரூட் அதிகாரத்தைத் துறந்துவிடுகின்றன.

ஏதோ பழைய காலத்துக் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூன் கடைசியில், ரூட் அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கடன்கொடுக்கும் சூடோ கமாண்டில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. சூடோவுக்கும் சிஎச்ரூட் செய்துவிட்டு ஓட்டு என்று ஒரு விருப்பம் உண்டு. 1.9.14 முதல் 1.9.17 வரையான பதிப்புகளில், ஒரு சாதாரணப் பயனர் தானே உருவாக்கிய ஃபோல்டரை வேராகக் காட்டினால், சூடோ அதற்குள் இருக்கும் "/ஈடிசி" கோப்பு ஒன்றைப் படித்து, அது சொல்லும் லைப்ரரியை ரூட் அதிகாரத்தோடு ஏற்றிக்கொண்டது. சூடோ அனுமதியே இல்லாத பயனரும் இப்படி ரூட் ஆக முடிந்தது. எஸ்யூ கதையேதான், 40 வருடம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு. திருத்தம் வந்துவிட்டது. உங்கள் சர்வரில் அது ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முழு லினக்ஸை ஒரு ஃபோல்டருக்குள் இறக்கி வேலை செய்யும்போது, பல நிரல்கள் "/டெவ்", "/ப்ராக்" எல்லாம் (சாதனங்களும் புராசஸ் தகவல்களும் கோப்புகளாகத் தெரியும் இடங்கள்) கேட்கும். வெளியே உள்ளதையே பைண்ட் மவுண்ட் செய்து உள்ளேயும் தெரியும்படி வைப்பது வழக்கம். நகல் அல்ல, அதே பொருளுக்கு இரண்டாவது வாசல். ஒரு சனிக்கிழமை சோதனை முடிந்தது, ஃபோல்டர் இனி வேண்டாம் என்று மொத்தமாக அழிக்கும் கமாண்டைக் கொடுத்தேன். மவுண்ட்டைக் கழற்றவில்லை. சர்வரின் உண்மையான "/டெவ்" என் கண்முன்னே காலியானது. புதிதாக ஒரு டெர்மினல்கூடத் திறக்க முடியவில்லை. "/டெவ்"வில் உள்ளவற்றை கெர்னல் ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாக்கும் என்பதால் ரீபூட் காப்பாற்றியது. அன்று "/ஹோம்"ஐயும் இணைத்திருந்தால் எந்த ரீபூட்டும் காப்பாற்றியிருக்காது. ஒரே ஃபைல்சிஸ்டத்தைத் தாண்டாதே என்று அழிக்கும் கமாண்டுக்கு ஒரு விருப்பம் உண்டு. ஆனால் "/ஹோம்"உம் அந்த ஃபோல்டரும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் அதற்கு வித்தியாசமே தெரியாது. அழிப்பதற்கு முன் அந்தப் பாதைக்குக் கீழ் எதுவும் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பட்டியலைப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எப்போது இதை விட்டுவிட்டுக் கன்டெய்னருக்குப் போவது? அறிமுகமில்லாதவர்களின் நிரலை ஓட்ட வேண்டும், அல்லது உள்ளே ரூட் அதிகாரம் கொடுத்தே தீர வேண்டும் என்றால் சிஎச்ரூட்டை நம்பாதீர்கள். கன்டெய்னர்கள் புராசஸ் பட்டியல், நெட்வொர்க், வேண்டுமென்றால் பயனர் எண்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'ஊர்' வகுத்துக்கொடுக்கின்றன, எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியூ என்று அளவும் போடலாம். நாலு வெளியாட்கள் கோப்பு போட்டு எடுக்க வேண்டும் என்பதற்கு அவ்வளவு எதற்கு? ஓபன்எஸ்எஸ்எச்சின் மூன்று வரி போதும் என்பது என் கட்சி.

ஒன்று பாக்கி. டெபூட்ஸ்ட்ராப் வழியாகவோ கையால் நகலெடுத்தோ ஒரு சிஎச்ரூட்டை நிரந்தரமாக வைத்திருந்தால், சர்வருக்கு அப்டேட் போடும்போது அதற்குள் இருப்பவை அப்டேட் ஆகாது. வெளியே சி லைப்ரரியின் ஓட்டை அடைபட்டிருக்கும், உள்ளே இரண்டு வருடத்துக்கு முந்தைய நகல் அப்படியே உட்கார்ந்திருக்கும். சர்வரைப் பராமரிக்கும் பட்டியலில் அந்த ஃபோல்டரையும் தனி சர்வர் மாதிரி ஒரு வரியாக எழுதிவையுங்கள். முழு லினக்ஸ் என்றால் உள்ளே போய்த் தனியாக அப்டேட் போடுங்கள், கையால் எடுத்த நகல் என்றால் மறுபடி நகலெடுங்கள்.